பத்தில் ஏழெட்டுப் பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வேலை பார்க்கும் பேக்கரி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்காரர், அதுதான் நம் டிரைவர் அண்ணன், அவர் கையில் சிக்காமல் உங்கள் கைக்கே வந்து சேரட்டும். போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுத்த உடனேயே அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். இங்கே என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "நான் நல்லா இருக்கேண்ணே", "நானும்தான்பா" என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொள்கிறார்கள். நடுவில் நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். கடிதம் எழுதுவோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் சொன்னது எவ்வளவு நல்ல யோசனை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஊர் திரும்பிய பயணம் எப்படி இருந்தது? பஸ்ஸில் அண்ணன் சும்மா உட்கார்ந்து வந்தாரா, இல்லை ஓட்டுகிறவருக்கு வழியெல்லாம் வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தாரா? இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, மடியில் சும்மா கிடக்குமா என்ன.

அந்த ரிசல்ட் நாளைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. முன்பின் தெரியாத நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே புற்றுநோய், ஒரே வராண்டா, ஒரே பெஞ்சு. இரண்டு பேர் நுரையீரலிலிருந்தும் ஊசி விட்டு எடுத்த சதையை ஒரே நாளில்தான் சோதனைக்கு அனுப்பினார்கள். புது மாத்திரை யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று அந்தச் சதையே சொல்லிவிடும் என்றார்கள். காத்திருந்த நாட்களில் உங்கள் டிபன் பாக்ஸிலிருந்து நான் சாப்பிட்டேன், என் பிளாஸ்கிலிருந்து நீங்கள் டீ குடித்தீர்கள். அப்புறம் டாக்டரம்மா முதலில் எங்களைக் கூப்பிட்டார். "சதையில நாங்க தேடின மாற்றம் இருக்கு. இந்த மாதிரி இருக்கறவங்க பத்துப் பேருக்கு மாத்திரை குடுத்தா ஏழெட்டுப் பேருக்குக் கேக்கும்" என்றார். அடுத்து உங்களைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு அது இல்லை, மாத்திரை கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, நரம்பில் ஏற்றும் வழக்கமான கீமோ டிரிப்தான் என்றார்.

வெளியே வந்த அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எட்டாங்கிளாஸ்லயும் ஃபெயில், இங்கயும் ஃபெயில். நீ பாஸ் பண்ணிட்டே தம்பி, போய் ஸ்வீட் வாங்கு" என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் என்னிடம், "நீங்களாவது நல்லா இருங்க தங்கச்சி" என்றீர்கள். அதை நீங்கள் வயிற்றெரிச்சலோடு சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனசாரச் சொன்னீர்கள். அதுதான் தாங்கவில்லை.

இங்கே மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. வெறும் வயிற்றில் ஒன்று, அவ்வளவுதான். ஊசி இல்லை, படுக்கை இல்லை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றுகிறது. முகமெல்லாம் பரு வந்திருக்கிறது அக்கா. மூக்கு, நெற்றி, தாடை என்று சிவப்புச் சிவப்பாக. நான் பயந்துபோய்க் கேட்டேன். "அது நல்லதுதான், பரு வந்தவங்களுக்குப் பெரும்பாலும் மருந்து கேக்குது" என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், மனுஷன் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார். "காலேஜ் வயசுல வராத பரு, பாரு எப்படி வந்திருக்குன்னு" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அவள் முகத்தில் ஒரு பரு வந்தால் வீடு இரண்டுபடும். அப்பாவும் மகளும் ஒரே கண்ணாடிக்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

கொழுந்தன் வாரம் தவறாமல் வருகிறான். வரும்போதே படியிலிருந்து, "அண்ணன் பாஸ், அண்ணன் பாஸ்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து, புது சோதனை செய்தோம், மருந்து கட்டாயம் கேட்கும் என்று சொல்லியாகிவிட்டது. பத்தில் ஏழெட்டு என்று டாக்டரம்மா சொன்ன கணக்கு அவன் வாய்க்குப் போனதும் பத்துக்குப் பத்தாகிவிட்டது. திருத்த எனக்கும் மனசு வரவில்லை.

அவர் வேலைக்குப் போகத்தான் துடிக்கிறார். லிப்ட் மெக்கானிக்குக்கு மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில்தானே இருக்கும், ஏறவேண்டுமே. கம்பெனியில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, இந்தக் கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது. "ஊரையெல்லாம் மேல ஏத்தி இறக்கினவன், என் வீட்டுக்கு நானே தவழ்ந்து ஏற வேண்டியிருக்கு" என்று ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று சொல்லிச் சிரிக்கிறார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு டிரிப் போட்ட பிறகு வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். காரமும் சூடும் வேண்டாம். பேக்கரியில் மிச்சமாகும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள். வாந்திக்குப் பயந்து சாப்பிடாமல் இருக்க விடாதீர்கள். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அண்ணன் தேறி வர வேண்டும். உங்கள் கைப்பட எழுதிய நல்ல பதிலை எதிர்பார்த்து,

உங்கள் தங்கை.

---

அன்புள்ள அக்கா,

உங்கள் பதில் வந்தது. இரண்டாவது டிரிப் ஆகிவிட்டது, அண்ணனுக்கு முடி கொட்டிவிட்டது, தலையில் துண்டு கட்டிக்கொண்டு டிப்போ வாசல் வரை போய் நின்று வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தோம். கட்டி வளர்ந்திருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உங்களிடம் மட்டும்தான் இதை இப்படிச் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால் என்னைத்தான் பார்க்கிறார்கள், நான் எதையோ மறைப்பது போல.

ஸ்கேனுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஒருவர் முகம் இளைத்துச் சுருங்குவது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் எங்களுக்குத் தெரியும். அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைக்கு எடுத்துப் போய்க் காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி உள்பக்கமாக வளைத்துக்கொண்டு வந்தேன். மறுபடி வழுக்கியது. மறுபடி வளைத்தேன். முகம் முழுக்கப் பரு இருந்தது, அவர் சந்தோஷமாக இருந்தார், ஆனால் கண்ணாடி நிற்கவில்லை. கடை முதலாளி, "பிரேமை மாத்திடும்மா" என்றார். மாற்றவேண்டியது பிரேம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "நான் என்ன தப்புப் பண்ணேன் டாக்டர்? ஒரு நாள்கூட விடலையே. வெறும் வயித்துலதான் போட்டேன்." பள்ளிக்கூடத்தில் பேப்பரைத் திருத்திக் கொடுத்த டீச்சரிடம் கேட்பது போல இருந்தது அந்தக் குரல். டாக்டரம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க ஒரு தப்பும் பண்ணலை. மருந்துதான் தோத்துப்போச்சு, நீங்க இல்லை. பத்துல ஏழெட்டுப் பேருக்குக் கேக்கும்னு சொன்னேன். மீதி ரெண்டு மூணு பேர் யாருன்னு முன்கூட்டியே சொல்ற சோதனை எங்ககிட்ட இன்னும் இல்லை" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என்னிடம், "அந்த ரெண்டு மூணு பேர் யாருன்னு நான் யோசிச்சதே இல்லை பாரேன். ஏழெட்டுப் பேரைத்தான் யோசிச்சேன்" என்றார். அவ்வளவுதான். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கொழுந்தன் வந்தான். படியில் சத்தம் இல்லை. உட்கார்ந்தான், எழுந்தான், அடுப்படி வரை வந்தான். "அண்ணி, மாத்திரையை நேரத்துக்குத்தானே குடுத்தீங்க? பால்கீல் ஏதாவது சேர்த்துக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டான். நான் கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். கேட்கும் என்று சொன்ன மருந்து கேட்காமல் போனால் யாரோ ஒருவர் குற்றவாளியாக வேண்டும் போலிருக்கிறது. சோதனையே செய்யாமல் இருந்திருந்தால் விதி என்று சொல்லி எல்லோரும் என்னோடு சேர்ந்து அழுதிருப்பார்கள். மகள்தான் உள்ளேயிருந்து வந்து, "சித்தப்பா, அம்மாவை அப்படிக் கேக்காதீங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். டிரிப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் உடம்பு தாங்குமா என்று பார்க்கவேண்டும் என்கிறார்கள். போன வாரம் வாங்கி வைத்த டப்பா, சீல் உடைக்காதது, பீரோவில் துணிக்கு நடுவில் இருக்கிறது. தூக்கிப் போடவும் கை வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

அண்ணனிடம் இதைச் சொல்லவேண்டாம். அவர் இவரை நினைத்துத்தான் தெம்பாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே. அந்தத் தெம்பு இன்னும் கொஞ்ச நாள் அவருக்கு இருக்கட்டும்.

உங்கள் தங்கை.

---

அக்கா,

கடிதமும் அதோடு வைத்திருந்த ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. நீங்கள் கேட்டிருப்பது புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். இதைவிடக் கெஞ்சிக் கேட்டிருப்பேன். கொஞ்சம் பொறுங்கள். இங்கே அவருக்கு டிரிப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குரல் அடைத்துப்போய்விட்டது, காற்றுதான் வருகிறது. நிதானமாக எழுதுகிறேன். அதுவரை அண்ணனுக்கு டிரிப்பை நிறுத்திவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தங்கை.

---

என் அன்புள்ள அக்காவுக்கு,

அவர் தவறிய செய்தியை மகள் போனில் உங்களுக்குச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அண்ணனுக்கு டிரிப் நாள் என்றும் அதனால் வர முடியவில்லை என்றும் நீங்கள் அழுததாகச் சொன்னாள். வராததே நல்லது. நீங்கள் அண்ணனை விட்டுவிட்டு வந்திருந்தால் நான்தான் கோபப்பட்டிருப்பேன்.

மத்தியான வேளையில் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிவிட்டதா என்று உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், மூச்சு இல்லை. அவ்வளவு அமைதியாக நடந்தது. கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊரில் எத்தனையோ கட்டடங்களில் லிப்ட் மாட்டியவர்கள், அவரை மூன்று மாடியும் படி வழியாகவே தூக்கி இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம், "மெதுவா, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாரம் இறக்கும்போது சொல்லும் அதே வார்த்தை. அவருக்குப் பழக்கமான வார்த்தைதான்.

கொழுந்தன் அன்றிலிருந்து தினமும் வருகிறான். வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவுகிறான். டீ போட்டுக் கொடுக்கிறேன், நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகிறான்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "உங்க வீட்டுக்காரருக்குக் கேக்கும்னு சொன்னாங்க, கேக்கலை. அப்போ இவருக்குக் கேக்காதுன்னு சொன்னது மட்டும் எப்படி உண்மையாகும்? அந்த டப்பாவை அனுப்பு தங்கச்சி. டிரிப்பை நிறுத்திட்டு அதைக் குடுத்துப் பாக்கறேன். மூணு டிரிப் போட்டும் கட்டி ஒரு நூல்கூடக் குறையலை. மனுஷனைப் பாக்கச் சகிக்கலை." இதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. படித்துப் படித்துப் பார்த்தேன், ஒரு பொத்தல்கூட இல்லாத கேள்வி. அவர் உயிரோடு இருந்தபோதே பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துத் துணியில் சுற்றி, உங்கள் விலாசத்தையும் எழுதிவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து அவர் என்ன விஷயம் என்று சைகையால் கேட்டார். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதில், "குடுத்துடு. எனக்குக் கேக்கலைன்னு பாத்தாச்சு. அண்ணனுக்குக் கேட்டா நல்லதுதானே. இன்னைக்கே அனுப்பிடு" என்றார். அத்தனை வார்த்தை பேச அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? கடைசியாக யாருக்கோ ஏதோ கொடுக்க முடிகிறது என்ற சந்தோஷம் அவர் கண்ணில் இருந்தது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தபால் ஆபீஸுக்குப் போகும் வழியில்தான் ஆஸ்பத்திரி. கால் அங்கே திரும்பிவிட்டது. உங்கள் ரிப்போர்ட் நகலும் கைப்பையில் இருந்தது. வராண்டாவில் நம் பெஞ்சில் வேறு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். நான் நகலை மேஜையில் வைத்தேன். நீங்கள் கேட்ட கேள்வியை நான் கேட்பது போலக் கேட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன் அக்கா. "எங்க விஷயத்துல தப்பாப் போன சோதனை, அவங்க விஷயத்துல மட்டும் சரியா இருக்குமா?"

அவர் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "கேக்கும்னு சொல்றதுலதான் எங்களுக்குத் தடுமாற்றம் அதிகம். பூட்டு இருக்கு, சாவி சேருது. ஆனா உள்ள இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருந்தா கதவு திறக்காது. உங்க வீட்டுக்காரருக்கு அதுதான் நடந்தது. அந்தத் தாழ்ப்பாள் எனக்குத் தெரியலை. அந்த டிரைவர் அண்ணனுக்கோ பூட்டே இல்லை. வெறும் சுவத்துல சாவியை வச்சு எவ்வளவு திருகினாலும் என்ன ஆகும்?"

அதற்கும் நான் விடவில்லை. டிரிப்பும்தான் கேட்கவில்லையே, கட்டி குறையவே இல்லையே என்றேன். அப்போதுதான் அவர் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மாறியது. "யாரு சொன்னா கேக்கலைன்னு? கட்டி குறையலை, சரி. வளரவும் இல்லையேம்மா. இந்த நோய் மூணு மாசம் தானா சும்மா உட்கார்ந்திருக்காது. ஏதோ ஒண்ணு அதைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. அது அந்த டிரிப்தான். வளராம நிக்கறதே கேக்கறதுதான்" என்றார். இப்போது டிரிப்பை நிறுத்திவிட்டு மாத்திரையைக் கொடுத்தால், பிடித்திருக்கிற கையை நாமே தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். எப்போதும் இப்படியே நிற்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாதியை மட்டும் கேட்டு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

பொட்டலத்தைப் பிரித்து டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டேன். அதைக் கொடுத்த நிமிஷத்தில் நான் உங்களிடமிருந்து எதையோ பறித்துவிட்டது போலவும் இருந்தது, உங்கள் வீட்டுக்குள் நுழைய இருந்த எதையோ வாசலில் தடுத்துவிட்டது போலவும் இருந்தது. எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. டாக்டரம்மாவை நம்பினேன். அவர் முன்னால் சொன்னது ஒன்று எங்களுக்குப் பலிக்காமல் போனது. ஆனாலும் நம்பினேன். ஏனென்றால் அன்றைக்கே அவர் பத்துக்குப் பத்து என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் நாங்கள்தான்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கண்ணாலேயே கேட்டார். அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் கேட்டார் அக்கா. டப்பா போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார், சேர்ந்தது என்றேன். அண்ணன் போட ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டார், ஆரம்பித்துவிட்டார் என்றேன். ஒரு நாள் விரலால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார். அண்ணனுக்குப் பரு வந்ததா என்று கேட்கிறார். நான் சுவர் பக்கம் திரும்பி, தலையணையைச் சரி செய்வது போல, "வந்துடுச்சாம், முகம் பூரா வந்துடுச்சாம்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "அண்ணனுக்குப் பொண்ணு பாக்க வேண்டியதுதான்" என்று காற்றுக் குரலில் சொன்னார். உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லி அடம்பிடித்தார். குரல் வந்ததும் பேசலாம் என்று சொல்லி வைத்தேன். குரல் வரவே இல்லை.

அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டேதான் அவர் போனார். அதைப் பற்றி நான் அழவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன எதையும் அவர் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை. ஆனால் உங்களிடம் பொய் சொல்ல முடியாது. மாத்திரை வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்திருப்பீர்கள். பேக்கரி வாசலில் மாவுக் கையோடு நீங்கள் நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. டப்பா வராது அக்கா.

நீங்கள் என் மேல் கோபப்படலாம். தன் புருஷனுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு என் புருஷனுக்கு மறுத்துவிட்டாளே என்று தோன்றலாம். தோன்றட்டும். அந்தக் கோபத்தோடேயே அண்ணனை அடுத்த டிரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர மாட்டேன் என்று சொன்னால், தம்பி சொல்லி அனுப்பினான் என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லை, வேறு என்னவோ சொன்னார், ஆனால் அதன் அர்த்தம் இதுதான்.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். டிரிப்புக்கு முந்தின நாள் கிளம்பி வருகிறேன். மகள் அவள் சித்தப்பா வீட்டில் இருந்துகொள்வாள். டிரிப் ஏறும் நேரம் முழுவதும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஒரு மூலையில் படுத்துத் தூங்குங்கள். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எந்தப் பாத்திரத்தை எப்போது நீட்டவேண்டும், எந்த நர்ஸைக் கூப்பிடவேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அந்தப் படிப்பு வேறு யாருக்கும் பயன்படாமல் என் வீட்டில் சும்மா கிடக்கிறது.

கோபம் இருந்தால் இதற்குப் பதில் எழுதவேண்டாம். நான் வந்து கதவைத் தட்டும்போது திறந்தால் போதும்.

அண்ணன் நடந்தே ஆஸ்பத்திரிக்குள் போகட்டும், நடந்தே வெளியே வரட்டும்.

என்றும் உங்கள் தங்கை.